பம்பைக் கழற்றும் முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. சொர்ணவாரி அறுவடை முடியும் நேரம். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் பார்த்துவந்த செயல்விளக்கத் திடலில் அறுவடை முடிந்து, மூட்டைகள் லாரியில் ஏறின. தினமும் மாலையில் மழை. களத்தில் காயவைக்க வழியில்லை. ஈரப்பதம் பார்த்தேன்; 22 சதவீதம் காட்டியது. நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால், உலர்த்தும் வசதி உள்ள ஆலை ஒன்றுக்கு அன்றிரவே கொண்டுபோவது என்று முடிவு செய்தோம்.

வாலாஜாபாத் சாலையில் லாரி நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது. இருபது நிமிடம் ஓடி மறுபடியும் நின்றது. மூன்றாவது முறை நின்றபோது ஓட்டுநர் கைவிட்டுவிட்டார். மறுநாள் காலையில் வந்த மெக்கானிக், 'பம்ப் போய்விட்டது' என்று சொல்லிக் கழற்றி, சர்வீஸுக்கு அனுப்பினார். அறுவடை நேரம் என்பதால் மாற்று லாரி எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்தபோது இரண்டாம் நாள் மாலை. மூட்டைக்குள் கையை விட்டால் சூடு தெரிந்தது. விதை உயிருள்ள பொருள். ஈரத்தோடு அடைத்து வைத்தால் மூச்சுவிட்டு மூச்சுவிட்டே வெந்துபோகும். ஆலையில் பழுப்பு என்று சொல்லி விலையைக் குறைத்தார்கள். இறக்கி ஏற்றிய கூலியும் அந்த விவசாயி தலையில்தான் விழுந்தது.

மூன்றாம் நாள் பம்ப் திரும்பி வந்தது. மாட்டினார்கள். இருபது நிமிடம் ஓடியது. பிறகு பழையபடி நின்றது! டீக்கடையில் உட்கார்ந்திருந்த வயதான ஓட்டுநர் ஒருவர் எழுந்து வந்து டீசல் டேங்க் மூடியைத் திருகினார். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்துக்கொண்டது. மழைத் தண்ணீர் இறங்கக் கூடாது என்று ஓட்டுநர் மூடியின் மேல் பாலிதீன் உறையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டுவிட்டது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லாமல் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, டீசல் மேலேறவில்லை. சற்று நேரம் நிறுத்தினால் மெல்லக் காற்று கசிந்து உள்ளே போகும், வண்டி ஸ்டார்ட் ஆகும், மறுபடி நிற்கும். உறையை அவிழ்த்ததோடு வேலை முடிந்தது.

அந்த இரவு நான் அந்த லாரியின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நெல்லின் ஈரப்பதத்தை, அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை, என்னால் சொல்ல முடிந்தது. இன்ஜின் ஏன் நிற்கிறது என்று கேட்க வேண்டிய முதல் கேள்வி எனக்குத் தெரியவில்லை. உழவியலில் முனைவர் பட்டம் பெற்று என்ன பயன்? வரப்போடு நம் பாடம் முடிந்துவிடுகிறது. நஷ்டம் சாலையிலும் நடக்கிறது. அதற்குப் பிறகு மெக்கானிக்குகளிடமும் ஓட்டுநர்களிடமும் கேட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். டீசல் வண்டியின் டீசல் கோளாறையும் மின் கோளாறையும் முதல் அரை மணி நேரத்தில் எப்படிப் பார்ப்பது என்பது, விதை நேர்த்தி போல ஒவ்வொரு விவசாயியும் விரிவாக்கப் பணியாளரும் தெரிந்திருக்க வேண்டிய பாடம். லாரி, டிராக்டர், அறுவடை இயந்திரம் மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே.

பயிரைப் பார்ப்பது போலத்தான்

நெற்பயிர் மஞ்சளாகிறது. உடனே யூரியாவைக் கொட்டுவீர்களா? நல்ல விவசாயி குனிந்து பார்ப்பார். அடி இலை, பழைய இலை மஞ்சளாகிறதென்றால் தழைச்சத்துக் குறை. குருத்தும் இளம் இலையும் வெளுக்கிறதென்றால் இரும்புச் சத்தோ கந்தகமோ குறையலாம். வயலில் தண்ணீர் வடியாமல் நின்றாலும் மஞ்சளாகும். எங்கே, எப்போது, எப்படி என்று பார்த்த பிறகுதான் மருந்து.

இன்ஜினுக்கும் அதே முறை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் டீசல் தானாகப் பற்றுகிறது. ஆகவே அதற்கு வேண்டியவை காற்று, டீசல், அழுத்தம் ஆகிய மூன்றுதான். சுற்றிவிடுவதற்கு மின்சாரம். புதிய வண்டிகளில் டீசலை அளந்து விடுவதற்கும் மின்சாரம். அழுத்தம் ஒரே இரவில் குறைவது அபூர்வம். நேற்று நன்றாக ஓடிய வண்டி இன்று நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டீசலையும் மின்சாரத்தையும்தான்.

சாவியைத் திருப்பியதும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஒன்று, இன்ஜின் சுற்றவே இல்லை. இரண்டு, சுற்றுகிறது, பற்றவில்லை. மூன்று, பற்றி ஓடிப் பிறகு நிற்கிறது அல்லது இழுவை குறைகிறது. இந்த மூன்றில் எது என்று சொல்லத் தெரிந்தாலே பாதிக் கோளாறு கண்டுபிடித்த மாதிரி. மெக்கானிக்குக்கு போன் செய்யும்போதும் 'வண்டி நின்றுவிட்டது' என்று சொல்லாமல் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள். அவர் எந்தக் கருவியை எடுத்து வர வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

செல்ப் எடுக்கவில்லையா?

இது மின்சாரப் பக்கம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணைகிற அளவுக்கு மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் இணைப்பு சரியில்லை. விளக்கு மங்காமல் பளிச்சென்று எரிய, செல்ப் சத்தமே இல்லை என்றால், மின்சாரம் செல்ப் மோட்டார் வரை போகவில்லை. சாவி சுவிட்ச், பியூஸ், ரிலே, செல்ப் சோலினாய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புதிய டிராக்டர்கள் பலவற்றில் கிளட்ச்சை முழுதாக மிதிக்காவிட்டால் அல்லது பி.டி.ஓ. லீவர் போட்டபடி இருந்தால் செல்ப் எடுக்காது. அது பாதுகாப்பு ஏற்பாடு. அதைக் கோளாறு என்று நினைத்து வயரைப் பிடுங்கி நேராகக் கொடுத்துவிடுகிறார்கள். கியரில் இருக்கும் டிராக்டர் அப்படியே பாய்ந்து ஆளை ஏற்றிவிடும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். வீட்டுக்கு ஒன்று வாங்கி வையுங்கள். முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓய்வில் இருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. செல்ப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது டிராக்டரில் 13.8 முதல் 14.4 வரையும், 24 வோல்ட் லாரியில் 27.5 முதல் 28.5 வரையும் ஏறினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது என்று பொருள். ஏறவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புது பேட்டரி வாங்குவது கடைசி வேலை.

லாரிகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு. பாட்டுப்பெட்டி, சீரியல் விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாம் 12 வோல்ட் என்பதால் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுகிறார்கள். அந்த ஒன்று காலியாகிறது. மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறது. இரண்டும் சீக்கிரம் கெடும். ஒன்று பழையது, ஒன்று புதியது என்று ஜோடி சேர்ப்பதும் அப்படித்தான். நோஞ்சான் மாட்டோடு பூட்டிய நல்ல மாடும் இளைத்துப்போகும்.

அடுத்தது எர்த். பேட்டரியின் நெகட்டிவ் வயர் சேசிஸிலும் இன்ஜினிலும் பிடிக்கும் இடத்தில் துரு, பெயின்ட், சேறு. களத்து ஈரமும் உரத் தூசியும் படும் வண்டிகளில் இது இன்னும் வேகமாக அரிக்கும். செல்ப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் இரும்புக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். டிராக்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. வயரைக் கழற்றி, எமரி தாளால் தேய்த்து, இறுக்கினால் போதும். டெர்மினலில் பூத்த வெள்ளை, பச்சைப் பொடியை வெந்நீரும் ஆப்பசோடாவும் போட்டுக் கழுவி, துடைத்து, வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றினால் அன்றைக்கு வண்டி ஓடும்; இன்னொரு நாள் தீப்பிடிக்கும். நெல் ஏற்றும் வண்டியிலும் நெல் கொட்டகை ஓரம் நிற்கும் வண்டியிலும் எலி வயரைக் கடிப்பதும் வழக்கம். டார்ச் அடித்துப் பாருங்கள்.

செல்ப்பை ஒரே மூச்சில் 10, 15 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். இரண்டு நிமிடம் ஆறவிட்டு மறுபடி அடியுங்கள். இல்லாவிட்டால் டீசல் கோளாறு செல்ப் கோளாறாகவும் வளர்ந்துவிடும்.

சுற்றுகிறது, பற்றவில்லை

சைலன்சரைப் பாருங்கள். செல்ப் அடிக்கும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. இந்த ஒரு பார்வையில் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

டீசல் போகவில்லை என்றால் செலவில்லாத இடத்தில் தொடங்குங்கள். டேங்கில் டீசல் இருக்கிறதா? மீட்டர் முள்ளை நம்பாமல் சுத்தமான குச்சியை விட்டுப் பாருங்கள். அடுத்து மூடி. திறக்கும்போது காற்று உள்ளே இழுத்தால் கோளாறு அதுதான். தொலைந்த மூடிக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய பூட்டு மூடியில் காற்றுத் துளை இல்லாமலும் இருக்கலாம்.

மூன்றாவது, தண்ணீர் பிரிப்பான். அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். டீசல் மேலே நிற்கும். சுத்தமான டீசல் வரும்வரை வடியவிடுங்கள். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாதி டேங்கோடு இரவில் நிற்கும் வண்டியில், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிந்து டீசலில் இறங்குகிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளரும். கறுத்த, வழுவழுப்பான பாசி போல ஃபில்டரை அடைப்பது அதுதான். மாலையிலேயே டேங்கை நிரப்பிவிடுவது இதற்கு எளிய தடுப்பு.

நான்காவது, காற்று. நம் ஊரில் 'ஏர் லாக்' என்கிறோம். டேங்க் வறண்டாலோ, ஃபில்டர் மாற்றினாலோ, டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள குழாயின் இணைப்பு எங்காவது தளர்ந்தாலோ காற்று நுழையும். இந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம். ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே போகும். 'ஒழுக்கே இல்லையே' என்று ஏமாறுவது இங்கேதான். பழைய வகை பம்ப் உள்ள வண்டியில் ஃபில்டர் மேல் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்ப்பை அடியுங்கள். நுரை வரும், குமிழி வரும், பிறகு முழு டீசல் வரும். அப்போது இறுக்குங்கள். கை பம்ப் எதிர்ப்பே இல்லாமல் லேசாக அடித்தால் காற்று நுழைகிறது. இழுக்க முடியாமல் பிடித்துக்கொண்டால் டேங்க் சல்லடையிலோ குழாயிலோ அடைப்பு. எவ்வளவு அடித்தும் குமிழி நிற்கவில்லையா? உறிஞ்சும் குழாயின் ஒவ்வொரு இணைப்பையும், வாஷரையும், வெடித்த ரப்பர் குழாயையும் பாருங்கள்.

ஐந்தாவது, நிறுத்தும் அமைப்பு. பழைய வண்டிகளில் நிறுத்தும் கேபிள் பாதியில் சிக்கிக்கொண்டால் டீசல் மூடியே இருக்கும். சோலினாய்டு உள்ளவற்றில் சாவி போட்டதும் பம்ப் பக்கம் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் வயர் அறுந்திருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம். டீசல் கோளாறு போலத் தெரியும் மின்சாரக் கோளாறு இது. இத்தனையும் பார்த்த பிறகுதான் பம்ப், நாசில் பற்றிப் பேச வேண்டும்.

ஓடி நிற்கிறதா, இழுவை இல்லையா?

ஓடி ஓடி நின்றால் மூடி, டேங்க் சல்லடை, ஃபில்டர் என்ற வரிசையில் பாருங்கள். சுமையில் மட்டும் இழுவை குறைந்து, கரும்புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. அறுவடைக் காலத்தில் ஏர் ஃபில்டர் வைக்கோல் தூசியால் அடைபடுவது சாதாரணம். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. சூடான இன்ஜினில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். இவை இரண்டும் மெக்கானிக் வேலை.

டீசலை நாம் கையாளும் விதமும் காரணம். நாசிலுக்குள் உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதில் மருந்து கேனில் பிடித்த டீசலையும், திறந்த பேரலில் கிடந்த டீசலையும் ஊற்றுகிறோம். டீசலுக்கென்று தனி கேன் வையுங்கள். ஊற்றும் முன் அசையாமல் வைத்து அடிமண்டி தங்கவிட்டு, மெல்லிய சல்லடைப் புனல் வழியே ஊற்றி, கடைசி அரை லிட்டரை விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் கலந்த டீசல் மலிவாகத் தெரியும். ஆனால் பம்புக்கு உயவு கொடுப்பதே டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்தத் தன்மை குறைவு. பம்ப் தேய்ந்துபோகும்.

புதிய வண்டியில் தொடக் கூடாதவை

இப்போது வரும் லாரிகளும் பெரிய டிராக்டர்களும் காமன் ரயில் வகை. நாடு முழுவதும் பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரலில் வந்தது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதி 2023 ஜனவரியில் வந்தது. இவற்றில் டீசலின் அழுத்தம் 1,600 பார் அளவுக்கும் அதற்கு மேலும் போகும். லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு. ஊசிமுனை அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகும். ஓடும் இன்ஜினில் நாசில் குழாயைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கத்தை இந்த வண்டிகளில் மறந்துவிடுங்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. அப்படிப் பட்டுவிட்டால், வலி இல்லாவிட்டாலும், உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவற்றில் நாம் செய்யக்கூடியது, தாழ்ந்த அழுத்தப் பக்கத்தில் கை பம்ப் அடித்துக் காற்று எடுப்பது, தண்ணீர் வடிப்பது, பேட்டரி, எர்த், பியூஸ் பார்ப்பது. புது ஃபில்டருக்குள் குவளையால் டீசல் ஊற்றி நிரப்பக் கூடாது. வடிகட்டாத டீசல் நேராக நாசிலுக்குப் போய்விடும். டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கைச் செல்போனில் படம் எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்புங்கள்.

யூரியா பற்றி, வேளாண் விஞ்ஞானியாக ஒரு எச்சரிக்கை. புதிய லாரிகளில் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடியோடு இன்னொரு டேங்க் இருக்கும். அதில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியா கரைசல். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை இது நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. 'யூரியாதானே, நம் மூட்டையிலிருந்து கரைத்து ஊற்றினால் என்ன?' என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நம் உர யூரியா வேப்பெண்ணெய் பூசியது. அதில் பையூரெட் 1.5 சதவீதம் வரை இருக்க அனுமதி உண்டு. இலைவழித் தெளிப்பில் இலையைக் கருகவைக்கும் அதே பையூரெட்தான். கிணற்றுத் தண்ணீரின் உப்பும் சேர்ந்தால், விலை உயர்ந்த புகை சுத்திகரிப்பு அமைப்பு அடைத்துக் கெட்டுவிடும். கரைசல் தீர்ந்தாலோ தரம் கெட்டாலோ வண்டியின் கணினியே இன்ஜின் இழுவையைக் குறைத்துவிடும். அதை டீசல் கோளாறு என்று நினைத்து ஃபில்டர் மாற்றுவதும் நடக்கிறது. மானிய யூரியாவை வேறு வேலைக்குத் திருப்புவது 1985-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும்கூட.

கண்டுபிடித்தவருக்கும் கூலி கொடுங்கள்

வாலாஜாபாத் சாலையில் அன்றைக்கு யாருக்கு என்ன கிடைத்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். கெடாத பம்ப்பைக் கழற்றி மாட்டியதற்குக் கூலி கிடைத்தது. பம்ப் சர்வீஸுக்குப் பில் வந்தது. கோளாறைக் கண்டுபிடித்த பெரியவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தோம். இதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. நாம் பொருளுக்கும் கழற்றி மாட்டுவதற்கும் பணம் தருகிறோம், கண்டுபிடிப்பதற்குத் தருவதில்லை. 'சும்மா ஒரு வயரைத் தொட்டதற்கு ஐந்நூறா?' என்று சண்டை போடுகிறோம். பிறகு மெக்கானிக் ஏன் மெனக்கெட்டுத் தேட வேண்டும்? பெரிய பாகத்தை மாற்றுவதுதான் அவருக்கு வருமானம். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பழக்கியது நாம்தான்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி பார்த்திருப்பீர்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அந்த இழையைத் தேடி முடிச்சிட்டுத்தான் அடுத்த ஊடையை விடுவார். ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்தது எது என்று காணும் கண்ணுக்குத்தான் அங்கே மதிப்பு. அந்தக் கண்ணுக்கு நாமும் மதிப்புக் கொடுப்போம். அதோடு மூன்று விஷயங்களைக் கேட்டுப் பெறுங்கள்: கழற்றும் முன் மீட்டரில் என்ன காட்டியது? டீசல் எந்த இடம் வரை வருகிறது? மாற்றிய பழைய பாகம் எங்கே? நேர்மையான மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

'லாரி எங்களுடையது இல்லையே, நாங்கள் ஏன் இதைக் கற்க வேண்டும்?' என்று சில விவசாயிகள் கேட்கிறார்கள். லாரி உங்களுடையது இல்லைதான். உள்ளே இருக்கும் நெல் உங்களுடையது. வாடகை பேசும்போதே, வழியில் நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று வண்டி, ஏற்றிறக்கும் கூலி யாருடையது என்று பேசிவிடுங்கள். ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. மூட்டை ஏறும் முன் செல்ப் சத்தத்தையும் புகையையும் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் ஏற்றாதீர்கள். ஈரநெல்லாக இருந்தால் இரவில் அனுப்புவதை முடிந்தவரை தவிருங்கள். நின்றால் உதவிக்கு ஆள் கிடைக்காது.

'ஓட்டுநர் கை வைக்கக் கூடாது என்று முதலாளி சொல்கிறார்' என்பது இன்னொரு பதில். அதில் நியாயம் உண்டு. அரைகுறையாகக் கை வைத்துக் கெடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை பார்ப்பது, கேட்பது, அளப்பது. கெடுக்க வழியில்லை. எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

விரிவாக்கத் துறை நண்பர்களுக்கு

நம் மாவட்டத்தில்தான் ஒரகடம் இருக்கிறது. அங்கே 2012-ம் ஆண்டு முதல் பாரத்பென்ஸ் கனரக லாரிகள் தயாராகின்றன. ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் அந்தப் பகுதி ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி, உத்திரமேரூரில் ஒரு லாரி பாலிதீன் உறையால் மூன்று நாள் நிற்கிறது. அறிவு இங்கேயே இருக்கிறது. வயல் வரை வரவில்லை.

இதற்குப் புதிய திட்டமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. நவரை, சொர்ணவாரி, சம்பா என மூன்று பருவத்துக்கும் அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பு அரை நாள் போதும். வேளாண்மைப் பொறியியல் துறைப் பொறியாளர், ஐ.டி.ஐ. ஆசிரியர், உள்ளூர் மெக்கானிக் ஒருவர், அனுபவப்பட்ட ஓட்டுநர் ஒருவர் ஆகியோர் வந்தால் போதும். வகுப்பறை வேண்டாம். கொள்முதல் நிலையத்து வாசலில் லாரிகள் வரிசையில் காத்துக்கிடக்கும்; ஓட்டுநர்களும் விவசாயிகளும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அங்கேயே ஒரு வண்டியின் தண்ணீர் பிரிப்பானைத் திறந்து காட்டுங்கள். ஒரு பேட்டரியை அளந்து காட்டுங்கள். பேச்சைவிட அது நன்றாக மனதில் நிற்கும்.

ஒவ்வொரு வேளாண் விரிவாக்க மையத்திலும் ஈரப்பதமானிக்குப் பக்கத்தில் ஒரு மல்டிமீட்டரும் இருக்கட்டும். இயந்திர வாடகைக் குழுக்களில் வண்டிக்கு ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் ஃபில்டர் மாற்றியது, எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது நின்றது, காரணம் என்ன என்று நாலு வரி. இரண்டு பருவம் எழுதினால் அந்த வண்டியின் நோய் அதிலேயே தெரிந்துவிடும். மண்வள அட்டை வேண்டும் என்று விவசாயியிடம் சொல்லும் நாம், அவர் நெல்லைச் சுமக்கும் வண்டிக்கும் ஓர் அட்டை கேட்பதில் தவறில்லை.

அந்த உத்திரமேரூர் விவசாயியைச் சமீபத்தில் பார்த்தேன். இப்போது அவர் களத்துக்கு எந்த லாரி வந்தாலும், மூட்டை ஏற்றும் முன் டேங்க் மூடியை ஒருமுறை திறந்து மூடுகிறாராம். ஓட்டுநர்கள் சிரிக்கிறார்களாம். 'சிரிக்கட்டும் சார், அந்தச் சத்தத்துக்கு நான் ஒரு லோடு நெல்லைக் கொடுத்திருக்கிறேன்' என்றார். அவ்வளவு விலை கொடுக்காமல் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதினேன்.